வறுமையை அளந்த முறை

உதவி வேண்டி நிற்பவன் மெய்யாகவே வறியனோ என ஆராய்தல் கொடுப்போர்க்கு உரிய கடமையேயாம். ஆயினும் யாருடைய வருவாயைக் கணக்கிடுவது என்பதிலேதான் இடர் உளது. நமது சங்கத்தின் கல்வியுதவி விண்ணப்பத்தைத் திருத்தும் யோசனை நடைபெறும் இவ்வேளையில், இங்கிலாந்து தேச சரித்திரத்திலிருந்து ஒரு செய்தியை ஈண்டு எடுத்துரைக்கக் கருதினோம்.

1931-ஆம் ஆண்டில் அந்நாடு பெரும் பொருளாதார மந்தத்தால் வருந்திற்று. வேலையற்ற ஆடவனுக்கு வாரந்தோறும் அளித்துவந்த 17 ஷில்லிங் 15 ஷில்லிங் 3 பென்சாகக் குறைக்கப்பட்டது. 26 வாரம் இன்ஷ்யூரன்ஸ் தொகை பெற்று முடித்தவன் அதன்மேலும் உதவி வேண்டின், உள்ளூர்ப் பொது உதவிக் கமிட்டியாரின் சோதனைக்கு உட்படல்வேண்டும் என அவ்வாண்டு நவம்பரில் விதித்தனர். அக்கமிட்டிகள் பழைய ஏழைச் சட்டத்தின் வழிவந்தவை. அவற்றின் வாயிலை மிதித்தலையே மானமுள்ள தொழிலாளர் இழிவாகக் கருதினர். அதிகாரி இல்லத்திற்கே வந்து, சேமிப்பு எவ்வளவு, மகன் கூலி யாது, மகள் கொணர்வது யாது, கிழத்தந்தையின் பென்ஷன் யாது என வினவிக் குறித்துக்கொள்வார். ஒரு கூரையின்கீழ் வாழ்வோர் ஊதியமெல்லாம் ஒன்றாகக் கூட்டப்பட்டு, அதற்கேற்ப உதவி குறைக்கப்பட்டது. பலர்க்கு முற்றும் மறுக்கப்பட்டது.

குடும்பத்தார் ஒருவரையொருவர் தாங்கவேண்டும் என்பதே இவ்விதியின் கருத்து. விளைந்ததோ வேறு. பல்லாண்டு சுரங்கத்தில் உழைத்த தந்தை மகன் கையை எதிர்பார்த்து நிற்கலானான். தான் பிரிந்தாலன்றித் தந்தைக்கு உதவி கிட்டாதெனக் கண்ட மகன், வேறிடத்தில் அறை தேடிப் புறப்பட்டான். சிக்கனமாய்ச் சேமித்தவன் தண்டம் இறுக்க, சேமியாதவன் உதவி பெற்றான். இல்லறத்தைக் காக்க எழுந்ததாகச் சொல்லப்பட்ட விதி இல்லத்தையே பிரித்தது!

கமிட்டிகள் எல்லாம் ஒரு தன்மையாய் நடந்தில. ராதர்ஹாம் நகரிலும் டர்ஹாம் ஜில்லாவிலும் கமிட்டியார் இரக்கம் மிகக் காட்டினர் என்று, 1932-இல் அரசாங்கத்தார் அவரை விலக்கித் தம் கமிஷனர்களை அமர்த்தினர். (இரக்கமும் குற்றமாகும் காலம் உண்டு போலும்.) எனினும் அவ்வாண்டிலேயே, போரில் ஊனமுற்றோர் பென்ஷனிற் பாதியையும் சிறு சேமிப்பையும் கணக்கினின்று நீக்கச் சட்டம் செய்ய நேர்ந்தது.

பின்னர் 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாடு முழுமைக்கும் ஒரே அளவு 1935 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பலர்க்கு உதவி முன்னிலும் குறைந்தமையால் தென் வேல்ஸ் கொதித்தெழுந்தது. பிப்ரவரி 4-ஆம் நாள் மெர்தர் நகரில், மகளிர் முன்னிற்கத் திரண்ட கூட்டம் உதவி அலுவலகத்துட் புகுந்தது. மறுநாளே தொழில் மந்திரி ஆலிவர் ஸ்டான்லி அக்குறைப்பை நிறுத்திவைத்தார். பழைய அளவு, புதிய அளவு இரண்டனுள் எது மிகுதியோ அதுவே வழங்கலாயிற்று. வீட்டார் அனைவரது வருவாயையும் கூட்டும் முறையோ 1941-இல், எர்னஸ்ட் பெவின் தொழில் மந்திரியாய் இருந்த காலத்தேதான் ஒழிந்தது.

இனி நமது விண்ணப்பத்தை நோக்குவோம். ‘வீட்டிலுள்ளோர் அனைவரின் வருமானம்’ என்பது அதன்கண் உள்ள ஒரு வினா. கணவனை இழந்த தாயொருத்தி தன் தமையன் இல்லத்தில் ஒதுங்கியிருப்பின், அத்தமையன் சம்பளமும் அவள் பிள்ளையின் கணக்கில் ஏறுகின்றது. அச்சம்பளத்தில் அப்பிள்ளைக்கு உரிமை யாது? அவ்வினாவைப் பெற்றோர் வருவாயளவில் நிறுத்துமாறு, அடுத்த கூட்டத்தில் நிர்வாக சபையார் முன் கேட்க இருக்கின்றோம்.