புள்ளியிலிருந்து மூச்சுக்கு

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பேருந்து பெருமாள்மலைக்கு வருவதற்குள் பாதிப் பேருக்குக் காது அடைத்துவிடும். மீதிப் பேருக்கு வயிறு புரட்டும். பழனிக்குப் போகிற மலைச்சாலை பிரிகிற இடம் இது. டீக்கடை, வெண்ணெய்ப்பழமும் பிளம்ஸும் கூறுகட்டி வைத்திருக்கும் கடைகள், மலைப்பூண்டு மூட்டைகள். மேகம் விலகினால் தலைக்கு மேலே, ஊருக்குப் பெயர் கொடுத்த கொடுமுடி. ஏரியையும் படகையும் நினைத்து வந்தவர்கள் இங்கே இறங்குவதில்லை. முதுகுப் பையோடு இறங்குகிற ஒன்றிரண்டு பேர் வேறு வேலையாக வந்தவர்கள். மெத்தையில் உட்கார்ந்து ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணப் போகிறார்கள்.

அது என்ன பெரிய வித்தை என்று நினைப்பவர்கள் செய்து பார்க்கலாம். ஒரு மூச்சு விட்டால் ஒன்று, அடுத்த மூச்சுக்கு இரண்டு. நான்கைத் தொடுவதற்குள் சிலிண்டருக்குப் பதிந்தோமா என்ற யோசனை வந்து நிற்கும். ஆறில், பத்து வருடத்துக்கு முன் சித்தப்பா சொன்ன ஒரு சொல் வந்து குத்தும். பலர் பத்தைத் தாண்டிப் பதினேழு, பதினெட்டு என்று போய்க்கொண்டிருப்பார்கள். எண்ணுவது வாய், மனம் எங்கோ. தவறியது தெரிந்ததும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மறுபடி ஒன்று.

அவர்கள் தேடி வருகிற இடத்தின் பெயர் போதி ஜென்டோ. ஜென்டோ என்பது ஜப்பானியச் சொல். தியானக்கூடம் என்று பொருள். 1996-இல் இதைத் தொடங்கியவர் ஜப்பானியர் அல்லர், புத்த பிக்குவும் அல்லர். அருள் மரிய ஆரோக்கியசாமி என்ற சேசு சபைக் குரு. உலகெங்கும் உள்ள ஜென் மாணவர்கள் அவரை அமா சாமி என்று அறிவார்கள். கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர் திண்டுக்கல் மாவட்டத்து மலைச்சரிவில் ஜப்பானிய முறைத் தியானக்கூடம் கட்டியது எப்படி என்று கேட்டால், அதே சாலையில் சில கிலோமீட்டர் மேலே, செண்பகனூருக்குப் போக வேண்டும். அங்கிருந்து ஒரு நூற்றாண்டு பின்னாலும் போக வேண்டும்.

கொடைக்கானலில் வெள்ளைக்காரர்கள் முதலில் வீடு கட்டியது 1845-இல். கட்டியவர்கள் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள். மதுரைச் சமவெளியில் காலரா அவர்களை ஒவ்வொருவராகக் கொண்டுபோனது. உயிர் பிழைக்க மலையேறினார்கள். சேசு சபையார் கதையும் ஏறக்குறைய அதுதான். 1773-இல் கலைக்கப்பட்டு 1814-இல் மீட்கப்பட்ட அந்தச் சபை, 1838-இல் பிரெஞ்சுக் குருக்களை மதுரைக்கு அனுப்பியது. வந்த வேகத்தில் பலர் கல்லறைக்குப் போனார்கள். இளைஞர்களைப் பயிற்றுவிக்கக் குளிர்ந்த இடம் வேண்டும் என்று சபை தேடியதில் வியப்பில்லை. 1895-இல் செண்பகனூரில் திருஇருதயக் கல்லூரி எழுந்தது. அப்போது மோட்டார் ஓடும் மலைச்சாலை கிடையாது. அது முழுமையானது முதல் உலகப் போர்க் காலத்தில்தான். அதுவரை அடிவாரத்தில் மாட்டுவண்டியை விட்டு இறங்கி, நடந்தோ குதிரையிலோ ஏற வேண்டும். நடக்க முடியாதவர்களை நாற்காலியில் வைத்து மலைக்கூலிகள் தூக்கிச் சென்றார்கள். அந்தத் தோள்களின் கதையை யாரும் தனியாக எழுதி வைக்கவில்லை.

இப்படி ஏறி வந்த இளந்துறவிகள் கற்றுக்கொண்ட முதல் பாடங்களில் ஒன்று தன்னைத் தானே பார்ப்பது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் அதை ஆத்தும சோதனை என்பார்கள். அதற்கு ஓர் எழுத்துமுறையே இருந்தது. சபையை நிறுவிய இஞ்ஞாசியார் ஸ்பெயின் நாட்டுப் போர்வீரர். 1521-இல் பம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து படுக்கையில் கிடந்தவர். மறு ஆண்டு மன்ரேசா என்ற ஊரில் தனித்திருந்தபோது எழுதத் தொடங்கிய குறிப்புகளே பின்னர் ஆன்மிகப் பயிற்சிகள் என்ற நூலாயின. 1548-இல் திருச்சபை அதை ஏற்றது. சுமார் முப்பது நாள் மௌனப் பயிற்சிக்கான கையேடு அது. அதனுள் ஒரு சின்னக் கணக்குமுறை ஒளிந்திருக்கிறது.

முறை இதுதான். விட வேண்டிய குறை ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்: சிடுசிடுப்பு, வீண் பேச்சு, ஏதோ ஒன்று. காலையில் எழுந்ததும் அதை நினைவூட்டிக்கொள்ள வேண்டும். பகலில் தவறும்போதெல்லாம் அருகில் இருப்பவருக்குத் தெரியாமல் கையை நெஞ்சில் வைக்க வேண்டும். நண்பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, மணிவாரியாக நாளைத் திரும்பிப் பார்த்து, எத்தனை தடவை தவறினோமோ அத்தனை புள்ளிகளைத் தாளில் கோட்டின்மேல் வைக்க வேண்டும். ஒரு நாளுக்கு இரண்டு கோடு. காலைக் கோட்டோடு மாலைக் கோட்டை, நேற்றோடு இன்றை, போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிட வேண்டும். வாரம் வளர வளரக் கோட்டின் நீளம் குறைந்துகொண்டே போகும். புள்ளிகளும் குறையும் என்ற நம்பிக்கையாக இருக்கலாம்.

மளிகைக் கடைப் பற்று ஏடு மாதிரிதான். ஆனால் அந்த ஏட்டின் வாரிசுகள் நிறைய. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் பதின்மூன்று நற்பண்புகளைப் பட்டியலிட்டு, வாரத்தின் ஏழு நாளுக்கும் கட்டம் போட்டு, தவறிய இடத்தில் கரும்புள்ளி வைத்தார். இன்று கைப்பேசியில் பழக்கங்களைக் கணக்கு வைக்கும் செயலிகளில் வருகிற பச்சைக் கட்டமும் சிவப்புக் கட்டமும் அந்தக் கரும்புள்ளியின் பேரப்பிள்ளைகள்.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கண்டிப்பு புதிதல்ல. குறளில் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமே உண்டு. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவரும் சேசு சபைக்காரர்தான். ஆக அடக்கம் பற்றிய சரக்கு இந்தச் சபை வழியாக இரண்டு திசையிலும் போய் வந்திருக்கிறது. முப்பது நாள் பயிற்சிக்கும் அதன் குறுகிய வடிவங்களுக்கும் இங்கே வைத்த பழைய பெயர் ஞான ஒடுக்கம். ஒடுக்கம் என்ற சொல்லைத் தேர்ந்தவருக்குத் தமிழ்க் காது இருந்திருக்கிறது. ஒடுங்கி உட்காருவது, புலன்களை ஒடுக்குவது இரண்டும் அதற்குள் அடங்கிவிடுகின்றன.

பெருமாள்மலைக்கு மறுபக்கம், பழனியில், இன்னொரு கணக்கு ஏற்கெனவே இருந்தது. சித்தர் மரபு மூச்சை ஆள்வதைப் பற்றிப் பேசுகிறது. திருமூலர் அதற்கு அளவே கொடுத்திருக்கிறார்: இழுக்கப் பதினாறு மாத்திரை, நிறுத்த அறுபத்து நான்கு, விட முப்பத்திரண்டு. மூச்சு இங்கே பழக்க வேண்டிய குதிரை. பழனி முருகனின் நவபாஷாணச் சிலையைச் செய்ததாகச் சொல்லப்படும் போகருக்குக் கோயிலுக்குள்ளேயே சமாதி இருக்கிறது. அவர் சீனம் சென்று வந்தவர் என்பது மரபு.

சீனம் சென்ற இன்னொருவரைத் தமிழர்கள் அண்மையில்தான் கொண்டாடத் தொடங்கினார்கள். 2011-இல் வெளிவந்த ஏழாம் அறிவு படத்துக்குப் பிறகு போதிதர்மர் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த செய்தி ஆகிவிட்டது. வரலாறு அவ்வளவு உறுதியாகப் பேசுவதில்லை. 6-ஆம் நூற்றாண்டுச் சீனக் குறிப்பு ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது. வேறொன்று தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. காஞ்சி என்ற பெயர் பிற்கால மரபில் சேர்ந்தது. மறுக்க முடியாதது சொல்லின் பயணம். வடமொழித் தியானம் சீனத்தில் சான்-னா ஆகி, தேய்ந்து சான் ஆகி, கொரியாவில் சொன் ஆகி, ஜப்பானில் ஜென் ஆனது. ஒன்பது ஆண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர் என்று போதிதர்மரை அந்த மரபு நினைவில் வைத்திருக்கிறது. அடக்கியவர் என்றல்ல, பார்த்தவர் என்று.

அந்தச் சொல் மலையேறித் திரும்பி வந்ததற்கு ஒரு ஜெர்மானியர் காரணம். ஹ்யூகோ லாசால், 1898-இல் பிறந்த சேசு சபைக் குரு. 1929-இல் ஜப்பான் சென்றார். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் இருந்தார், காயத்தோடு பிழைத்தார். அங்கே உலக அமைதிப் பேராலயம் எழ உழைத்தவர். ஜப்பானியக் குடிமகனாகி எனோமியா என்ற பெயரையும் ஏற்றவர். ஜப்பானியரைப் புரிந்துகொள்வதற்காக ஜென் பயிலத் தொடங்கி, பிறகு அதை விட முடியாமல் போனவர். காமகுராவில் அவருக்கு ஆசிரியராக இருந்த யமாடா கோவுன் காவி உடுத்தவர் அல்லர். டோக்கியோவில் மருத்துவமனை நிர்வாகம் பார்த்துக்கொண்டு, வீட்டருகே தியானக்கூடம் நடத்திய இல்லறத்தார். கிறிஸ்தவர்கள் மதம் மாறாமலே வந்து உட்காரலாம் என்று கதவைத் திறந்து வைத்தார்.

அந்தக் கதவு வழியே போனவர்களில் ஒருவர் ஆரோக்கியசாமி. 1936-இல் பர்மாவில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். குருவான பின்பும் தேடல் அடங்கவில்லை. திருவண்ணாமலை ரமணாசிரமம் வரை அது அவரை இழுத்துப் போனது. அந்தக் காலத்துத் தமிழ்நாட்டில் இப்படித் தேடியவர் அவர் மட்டும் அல்லர். குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் 1950-இல் தொடங்கிய சாந்திவனம் ஏற்கெனவே காவியும் சிலுவையும் ஒன்றாக இருக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களில் உள்ள உண்மையைத் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று அறிவித்தது இவர்களுக்குத் தெம்பு தந்தது. லாசாலின் உதவியால் ஜப்பான் சென்ற ஆரோக்கியசாமி, யமாடாவிடம் பயின்று 1982-இல் கற்பிக்கும் உரிமை பெற்றார். பின்னாளில் யமாடாவின் அமைப்பிலிருந்து பிரிந்து தன் வழியில் போனார்.

எல்லாரும் கைதட்டவில்லை. 1989-இல் ரோமிலிருந்து வந்த மடல் ஒன்று, யோகம், ஜென் போன்ற கீழை முறைகளைக் கிறிஸ்தவச் செபத்தோடு கலப்பதில் எச்சரிக்கை வேண்டும் என்றது. லோனாவாலாவில் தன்னுணர்வைப் பயிற்சியாக்கிப் புகழ்பெற்ற சேசு சபையார் அந்தோனி டி மெல்லோவின் எழுத்துகள் பற்றி, அவர் இறந்து பதினொரு ஆண்டு கழித்து, 1998-இல் தனி எச்சரிக்கையே வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பெருமாள்மலையில் கூடம் திறந்தது. துணிச்சல் என்று சொல்லலாம். மலைச்சரிவின் மறைவு என்றும் சொல்லலாம்.

உள்ளே நடப்பதில் மர்மம் இல்லை. மணி அடிக்கும். சுமார் 25 நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும். பிறகு மெல்ல வரிசையாக நடை, மறுபடி உட்காருதல். செஷின் எனப்படும் தீவிர நாட்களில் இது விடியலிலிருந்து இரவு வரை தொடரும், பேச்சு கிடையாது. நடுவே ஆசிரியரைத் தனியே சந்திக்கும் நேரம் உண்டு. காய் நறுக்குவது, தோட்டம் பெருக்குவது, பாத்திரம் துலக்குவது எல்லாம் ஜென்னில் பயிற்சியின் பகுதிதான். சமு என்று அதற்குப் பெயரே இருக்கிறது. தன் முழு ஆற்றலையும் வெளிக்கொணர வேண்டும் என்று ஐரோப்பாவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கிளம்பி வருகிறவர் கையில் முதலில் கிடைப்பது பெரும்பாலும் விளக்குமாறு. கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். வலி முழங்காலில் தொடங்கும். இரண்டாம் நாள் யார் மீதோ கோபமாக மாறும். அந்தக் கோபத்துக்கும் எதிரே இருப்பவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று தெரிய இன்னும் ஒரு நாள் ஆகலாம்.

செண்பகனூர்ப் புள்ளிக்கும் பெருமாள்மலை எண்ணுக்கும் உள்ள வேறுபாடு இந்த இடத்தில்தான் தெரிகிறது. புள்ளி மிச்சம் இருக்கும்; இரவில் எண்ணிப் பார்க்கலாம், வெட்கப்படலாம், முன்னேறியிருந்தால் உள்ளூரப் பெருமைப்படவும் செய்யலாம். மூச்சு எண்ணுகிறவரிடம் எத்தனை தடவை தவறினார் என்ற கணக்கே கிடையாது. தவறியதும் ஒன்று. மறுபடி தவறினால் மறுபடி ஒன்று. ஏடு இல்லாத கடை. திருமூலர் சொன்னதுபோல் மூச்சை நிறுத்தவோ நீட்டவோ இங்கே சொல்வதில்லை. வருவதை வரவிட்டு எண்ணினால் போதும்.

ஆனாலும் ஒன்றை ஒன்று தள்ளிவிட்டது என்று எழுதினால் அது அவசரத் தீர்ப்பு. கை நெஞ்சைத் தொடும் அந்த ஒரு நொடியில் அந்த இளந்துறவி செய்தது என்ன? கோபம் வந்ததைக் கோபம் வந்த வேளையிலேயே கண்டுகொண்டதுதான். தாளும் கோடும் அதற்குப் பிறகு வந்தவை. அந்த நொடியில் பழகிய ஒருவருக்குக் காமகுராவின் மெத்தை அவ்வளவு அந்நியமாக இருந்திருக்காது.

இந்தச் சபையாரின் பார்க்கும் பழக்கம் உள்நோக்கி மட்டும் போகவில்லை. செண்பகனூர்க் குருக்கள் செடிகளையும் பூச்சிகளையும் பாம்புகளையும் சேகரித்து அருங்காட்சியகம் அமைத்தார்கள். பழனி மலையின் கல்திட்டைகளை அளந்து குறித்த ஆங்கிலேட் அடிகளின் ஆய்வை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் நூலாக வெளியிட்டது. மலைத் தாவரங்களைப் பட்டியலிடும் வேலை அடுத்த தலைமுறைகளிலும் தொடர்ந்தது. ஒரே குறையை நாளெல்லாம் துரத்திப் பழகிய கண்ணுக்கு ஒரே புல்லினத்தைத் துரத்துவது கடினமாக இருந்திராது என்று நினைக்கத் தோன்றுகிறது.

ஜென் மரபில் ஆசிரியர்கள் மாணவரை மடக்கக் கேட்கும் பழைய கேள்வி ஒன்று உண்டு: போதிதர்மர் ஏன் மேற்கிலிருந்து வந்தார்? சீனர்களுக்கு மேற்கு என்றால் இந்தியா. அமா சாமி அதைத் திருப்பி, போதிதர்மர் ஏன் மேற்கு நோக்கி வந்தார் என்று தன் ஆங்கில நூல் ஒன்றுக்குத் தலைப்பு வைத்தார். அவருக்கு மேற்கு என்றால் ஐரோப்பாவும் அமெரிக்காவும். பெருமாள்மலையில் உட்கார்ந்து கேட்பவருக்கு இரண்டு திசையும் பொருந்தாது. இங்கே அவர் வந்து சேர்ந்தது கிழக்கிலிருந்து, ஜப்பானியப் பெயரோடு, ஒரு ஜெர்மானியரின் கைபிடித்து, தமிழ்க் குருவானவர் ஒருவரின் பையில். வெளியே பழனிப் பேருந்து ஹாரன் அடித்து வளைவில் திரும்பும். உள்ளே ஒருவர் ஐந்தில் இருந்தவர் ஒன்றுக்குத் திரும்புவார்.