உயரத்தை வென்ற பள்ளிக்கூடம்

சங்கரன்கோவிலை அடுத்த கரிசற் சீமையிலே இளையரசனேந்தல் என்றோர் ஊர் உண்டு. அவ்வூர்த் தெருவில் கழைக்கூத்தாடிகள் வந்து மூங்கில் நட்டுக் கயிறு கட்டும் நாட்களில், சிறுவர் கூட்டம் அண்ணாந்து நிற்கும். கயிற்றின்மேல் ஒரு சிறுமி காலெடுத்து வைத்தவுடன் கண்களை இறுக மூடிக்கொண்ட சிறுவர்களுள் நானும் ஒருவன். ‘அவளுக்கு அச்சம் என்பதே பிறவியில் இல்லை போலும்’ என்று அன்று எண்ணினேன். அவ்வெண்ணம் பிழையென்பதை உணர்த்திய ஒரு வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விழைகின்றேன்.

கயிற்றின்மேல் ஆடுங் கலை தமிழர்க்குப் புதிதன்று. பறையொலிக்கேற்பக் கயிற்றில் ஆடிய கூத்தரைக் குறுந்தொகைப் பாடலொன்று உவமையாகக் காட்டுகின்றது. ஆயினும் நெடுங்காலம் இக்கலை குடும்பச் சொத்தாகவே இருந்து வந்தது. தந்தை மகனுக்குக் கற்பித்தான். தாய் மகளுக்குக் கற்பித்தாள். பிறர் வேடிக்கை பார்த்தனர், காசு எறிந்தனர், கலைந்து சென்றனர். பிறருக்கும் இக்கலை கைவரக்கூடும் என்று யாரும் கருதவில்லை.

மேலைநாட்டில் பிரெஞ்சு இளைஞர் ஜூல் லியோத்தார் என்பவர், 1859-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் பாரிஸ் நகரத்தில், ஓர் ஊஞ்சலிலிருந்து மற்றோர் ஊஞ்சலுக்கு அந்தரத்தில் பாய்ந்து காட்டினார். ‘டிரபீஸ்’ என்று நாம் வழங்கும் பறக்கும் ஊஞ்சலாட்டம் இவ்வாறே புகழ்பெற்றது. இவர் முதலில் எங்கே பழகினார் தெரியுமா? துலூஸ் நகரில் தம் தந்தையார் நடத்திய உடற்பயிற்சிக் கூடத்து நீச்சற் குளத்திற்கு மேலேதான். தவறினால் தாங்குவதற்குக் கீழே நீர் இருந்தது. துணிந்தவர் எனப் புகழப்பட்டவரும் காப்பில்லாமற் பழகவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

இந்தியாவில் நவீன சர்க்கஸைத் தோற்றுவித்தவர் மராட்டியராகிய விஷ்ணுபந்த் சத்ரே. குதிரையேற்றத்தில் வல்லவராகிய அவர், பம்பாய்க்கு வந்த இத்தாலியராகிய கியாரினியின் சர்க்கஸைக் கண்டார். ‘நம்மவராலும் இது இயலும்’ என்று உறுதிபூண்டார். 1880-இல் ‘கிரேட் இந்தியன் சர்க்கஸ்’ என்னும் குழுவை அரங்கேற்றினார். அக்குழு பின்னர் மலையாளக் கரையிலுள்ள தலச்சேரிக்கு வந்தது. அங்கே உடற்பயிற்சி ஆசிரியராக விளங்கிய கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்பவர் அதனைக் கண்டார். களரிப் பயிற்சியிலும் தேர்ந்தவர் அவர். சர்க்கஸிற்கு வேண்டிய கலைஞர்களைத் தாமே பழக்கித் தர முன்வந்தார். 1901-இல் தலச்சேரிக்கு அருகில் சிறக்கரையில் சர்க்கஸ் பயிற்சிக்கென்றே ஒரு பள்ளியை நிறுவினார்.

இஃது எளிய செய்தியன்று. கூத்தாடிக் குடும்பத்திற் பிறவாதவரும், அதுவரை மரக்கிளைக்கு மேல் ஏறியறியாதவரும், ஆசிரியரிடம் அமர்ந்து கற்று உயரத்தில் ஏறலாம் என்னும் நிலை அன்று பிறந்தது. அவர்தம் மாணாக்கராகிய பரியாலி கண்ணன் 1904-இல் ‘கிராண்ட் மலபார் சர்க்கஸ்’ என்னும் குழுவைத் தொடங்கினார். தலச்சேரிக் கலைஞராகிய கண்ணன் பாம்பேயோ, துள்ளுங் கயிற்றின்மேல் குட்டிக்கரணம் அடித்து மேலைநாடுகளிற் புகழ் எய்தினார். இளமையில் கீலேரியாரிடம் பயின்ற எம். வி. சங்கரன் 1951-இல் ஜெமினி சர்க்கஸை நிறுவினார். 2023-இல் மறையும்வரை ‘ஜெமினி சங்கரன்’ என்றே நாடு அவரை அழைத்தது.

மாணவ நண்பர்களே! உயரத்தில் நிற்கும்போது நமக்குத் தலை சுற்றுவது ஏன்? கண், உட்செவி, தசைகளும் மூட்டுகளும் தரும் உணர்வு ஆகிய மூன்றுமே நம்மை நிலைநிறுத்துவன. தரையில் நிற்கையில் அருகிலுள்ள பொருள்களைக் கண்டு நம் அசைவைக் கண் அளந்துகொள்கிறது. உயரே சென்றால் யாவும் தொலைவில் ஆகிவிடுகின்றன; உடல் சற்றே சாய்ந்தாலும் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. எனவே உடல் தள்ளாடுகின்றது, உள்ளம் நடுங்குகின்றது. ஆகவே அச்சம் கோழைத்தனத்தின் அடையாளமன்று. உடல் விடுக்கும் எச்சரிக்கையே ஆகும். இதனாலேதான் கயிற்றில் நடக்கக் கற்பவனை முழங்கால் உயரத்திற் கட்டிய கயிற்றிலேயே முதலில் நிறுத்துகின்றனர். கீழே பாராமல், கயிற்றின் மறுமுனையில் கண்ணை நிறுத்தப் பழக்குகின்றனர். கையிலுள்ள நீண்ட கோல் உடல் விரைந்து சாய்வதைத் தடுக்கின்றது. விழும்போது வலையில் முதுகு படுமாறு விழுவதற்கும் தனிப்பயிற்சி உண்டு. விழக் கற்றவனே பறக்கக் கற்கிறான்.

இவ்வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. வறுமையால் சர்க்கஸ் கூடாரங்களில் விடப்பட்ட குழந்தைகள் பலர், விருப்பமும் கல்வியும் இன்றி உயரத்தில் ஏற்றப்பட்டனர். குழந்தைகளைச் சர்க்கஸில் ஈடுபடுத்துவதைத் தடை செய்யுமாறு உச்ச நீதிமன்றம் 2011-இல் ஆணையிட்டது. அச்சத்தைத் தானே முயன்று வெல்வது வேறு. அச்சத்தைப் பொருட்படுத்தாமற் பிறரால் ஏற்றப்படுவது வேறு. முன்னது கல்வி, பின்னது கொடுமை.

அன்று எங்கள் தெருவிற் கயிறேறிய சிறுமியை இப்போது எண்ணிப் பார்க்கின்றேன். அவளுக்கும் அச்சம் இருந்திருக்கும். அதைக் கேட்பார்தாம் இல்லை. உங்களுள் எவரேனும் உயரம் கண்டு நடுங்குபவராயின், அதற்காக நாணவேண்டா. நல்லாசிரியர் ஒருவரைத் தேடுங்கள். முழங்கால் உயரத்துக் கயிற்றிலே தொடங்குங்கள். கீழே வலை இருக்கின்றதா என்று கேட்கவும் தயங்காதீர்கள்.