கம்பியும் தண்டவாளமும்

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரையுள்ள தூரம் ஏறத்தாழ 29 கிலோமீட்டர். இப்பாதையில் 1931-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் ஆளுநர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி மின்சார ரயிலைத் தொடங்கி வைத்தார். மே 11 முதல் பொதுமக்கள் அதில் பயணம் செய்யலாயினர். பாதை தென்னிந்திய ரயில்வே கம்பெனியாருடையது. தண்டவாளங்களின் இடைவெளியோ ஒரே மீட்டர்.

நீராவி வண்டி கடைசி நிலையத்தை அடைந்ததும் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் பூட்ட வேண்டும். மின்சார வண்டிக்குத் தனி எஞ்சின் கிடையாது. மோட்டார்கள் பெட்டிக்கு அடியிலேயே அமைந்தன. ஓட்டுநர் ஒரு முனையில் இறங்கி மறுமுனைக்கு நடந்தால் போதும், வண்டி திரும்பப் புறப்பட்டுவிடும். நிலையத்துக்கு நிலையம் நின்றாலும் விரைவில் வேகமெடுக்கும். மாம்பலத்திலும் சைதாப்பேட்டையிலும் பல்லாவரத்திலும் குடியேறியோர் நாள்தோறும் நகரத்து அலுவலகங்களுக்குச் சென்று மீள இவ்வண்டி பெருந்துணையாயிற்று.

அதற்கு ஊட்டப்பட்டது 1500 வோல்ட்டு நேர் மின்னோட்டம். அழுத்தம் குறைந்தால் ஓட்டம் மிகுதியாக வேண்டும். அதற்குத் தடித்த கம்பி வேண்டும், அருகருகே துணை மின்நிலையங்களும் வேண்டும். ஆகவே 1967-இல் 25,000 வோல்ட்டு மாறு மின்னோட்டத்துக்கு மாற்றினர். முப்பத்தாறு ஆண்டுகள் உழைத்த பழைய வண்டிகளால் அக்கம்பியின் கீழ் ஓட இயலாது. மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றியைத் தம்முள் சுமந்த புதிய வண்டிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

மாணவனாகவும் பின்னர் ஆசிரியனாகவும் நான் பயணம் செய்தவை இப்புதிய வண்டிகளே. பெட்டிகள் குறுகலானவை; பாதை ஒரு மீட்டராக இருக்கும்வரை அவற்றை அகலப்படுத்த வழியில்லை. நகரமோ பெருகிக்கொண்டே போயிற்று. காலை வேளையில் உள்ளே நிற்க இடமின்றிப் படியில் தொங்கியோர் பலர். என் மாணவன் ஒருவன் அவ்வாறு தொங்கி விழுந்து கையை முறித்துக்கொண்டான். அவ்வாண்டுத் தேர்வை அவன் எழுதவில்லை.

1990-களில் அதே வழியில் அகலப் பாதை வந்தது. இம்முறை கம்பியின் மின்னழுத்தம் மாறவில்லை, தண்டவாளம் மாறிற்று. 2004-ஆம் ஆண்டு ஜூலைத் தொடக்கத்தில் குறுகிய பாதை மின்சார வண்டிகள் நிறுத்தப்பட்டன. பழைய நினைவால் வருந்திய நண்பர்கள் உண்டு. நான் வருந்தவில்லை, அகலப் பெட்டியில் முதன்முதலாக ஏறிய அன்று, கதவருகே நிற்காமல் உள்ளே சென்று நின்றேன்.