பேரும் அரைப்பேரும்

கடந்த தவணைப் பரீட்சையில் 'லயம்' என்ற சொல்லுக்குப் பொருள் எழுதுமாறு கேட்டிருந்தேன். நான் எதிர்பார்த்தது இசையையும் தாளத்தையும். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுதியிருந்தான்: "பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. மழை பெய்தால் சட்டி வைக்க வேண்டும்." முழுப் புள்ளியும் கொடுத்தேன். அகராதி அவனை எதிர்த்து வழக்காட வந்தால் நான் அவன் பக்கம் நிற்பேன்.

லயம் எங்கிருந்து வந்தது? குதிரை கட்டும் லாயமே குறுகி லயமாயிற்று என்பார் ஒரு சாரார். கோபத்தில் பிறந்த விளக்கம் அது. கோபத்தில் நியாயமும் உண்டு. ஆனால் அன்றைய ஆங்கில ஏடுகள் தொழிலாளர் குடியிருப்பை 'லைன்ஸ்' என்றே எழுதின. பட்டாளத்துச் சிப்பாய்களின் வரிசைக் குடில்களுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரும் அதுவே. 'லைன்' என்ற சொல் நம் பாட்டிமாரின் நாவில் ஏறி லயம் என்று இறங்கியதாகக் கொள்வதுதான் எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. வரிசையாகக் கட்டிய காம்பிராக்களில் எந்த லயத்தைக் கண்டார்கள் என்பது தியாகராஜ சுவாமிகளுக்குத்தான் வெளிச்சம்.

பட்டாளத்துச் சொல் இது ஒன்றோடு நிற்கவில்லை. விடியற்காலையில் தொழிலாளர் கூடி நின்று அன்றைய வேலையைப் பெற்றுக்கொள்வது 'பெரட்டு'. கூடும் இடம் பெரட்டுக்களம். 'பரேட்'டின் பேரப்பிள்ளை இந்தச் சொல். கோப்பிக் காலத்தின் தொடக்கத்தில் இங்கே காணி வாங்கியவர்களில் படை அதிகாரிகளும் இருந்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டால், மலையில் கொழுந்து பறிக்கப் போகிறவளுக்கு ஏன் அணிவகுப்பு என்பது விளங்கும்.

இந்த உற்சாகத்தில் நானும் ஒருமுறை வழுக்கி விழுந்தேன். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைத் தரித்து விடுவதைக் கவ்வாத்து என்கிறோம். தமிழில் கவாத்து என்றால் படைப்பயிற்சி. உருது வழியாக வந்த அரபுச் சொல். அகப்பட்டது இன்னொரு பட்டாளத்துச் சொல் என்று வகுப்பிலே முழங்கிவிட்டேன். மாலையில் பக்கத்து வீட்டுச் சிங்கள நண்பர் தமது மல்லிகைச் செடியை வெட்டிக்கொண்டே "கப்பாது செய்கிறேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. போர்த்துக்கீசத்தில் 'கப்பாதோ' என்றால் விதையடிக்கப்பட்டது என்று பொருள். செடிக்குச் செய்வதும் ஏறக்குறைய அதுதானே! நமது கவ்வாத்தும் அந்த வழியில் வந்ததாகவே இப்போது எண்ணுகிறேன். மறுநாள் வகுப்பில் திருத்திக்கொண்டேன். மாணவர்கள் பொருளைக் கேட்டார்கள். நேரம் போதவில்லை என்று சொல்லித் தப்பினேன்.

வந்த சொற்கள் இருக்கட்டும். போன சொற்களைப் பார்ப்போம். பெரிய துரையும் சின்னத் துரையும் தோட்டத்து ஆங்கிலத்தில் பீ.டீ., எஸ்.டீ. ஆனார்கள். கணக்கப்பிள்ளை கே.பீ. ஆனார். கங்காணியோ ஆங்கில அகராதிக்குள்ளேயே புகுந்துவிட்டார். அவருடைய பூர்வீகம் பெரிது. கண்காணி என்பது சோழர் கல்வெட்டுகளில் வரும் சொல். கோயில் காரியங்களை மேற்பார்வை செய்வதை ஸ்ரீமாஹேசுவரக் கண்காணி என்று பொறித்து வைத்தார்கள். கோயில் சொத்தைக் காத்த அந்தக் கண், கடல் தாண்டி வந்ததும் பெரட்டுக்களத்தில் தலைகளை எண்ணத் தொடங்கியது. வேலைக்கு வந்த தலை ஒவ்வொன்றுக்கும் கங்காணிக்குச் சில்லறை உண்டு. எண்ணாமல் இருப்பாரா?

கூலியின் கதை சிரிக்க விடாது. உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம் என்ற பொருளில் திருவள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் ஆண்ட சொல் அது. குஜராத்தின் கோலி மக்களிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போயிற்று என்போரும் உளர். எவ்வழியில் போயிருந்தாலும் திரும்பி வந்தபோது பொருள் மாறியிருந்தது. ஊதியத்தின் பெயர் ஆளின் பெயராயிற்று. ஊதியம் குறைந்தது, பெயர் மட்டும் நின்றது. 1915இல் துரைமாருக்கென வெல்ஸ் என்பவர் எழுதிய மொழிநூலின் பெயரே 'கூலித் தமிழ்'. அதற்கும் முன்னே, 19ஆம் நூற்றாண்டிலேயே, கொழும்பில் அச்சான சின்னத் துரைமாரின் கைநூலுக்கு 'இங்கே வா!' என்று தலைப்பு. இலக்கண ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: அது முன்னிலை ஒருமை ஏவல். தமிழில் 'வாருங்கள்' என்றொரு வடிவமும் உண்டு என்பதை, தலைப்பளவிலாவது, யாரும் அந்தச் சின்னத் துரைக்குச் சொல்லவில்லை.

துண்டு என்றால் உங்களுக்குத் தோளில் கிடப்பது. தோட்டத்தில் அது காகிதம். இவ்வளவு கடன், அதைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று தோட்டம் எழுதிக் கொடுத்த சீட்டு. அது கைமாறினால் குடும்பங்களும் தோட்டம் மாறும். ஆங்கிலேயரும் 'துண்டு' என்றே எழுதினார்கள். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். வரவுசெலவில் துண்டு விழுவது மட்டும் இன்றுவரை ஒழியவில்லை.

இத்தனைக்கும் மேலாக என்னை வருத்துவது 'பேர்' என்ற சொல். தோட்டத்தில் ஒருநாள் வேலைக்குப் பேர் என்று பெயர். செக்றோலில் பேர் விழுந்தால் சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். என் அம்மா மாலையில் மலையிலிருந்து இறங்கி வந்து, "இன்னைக்கு அரைப்பேருதான்" என்று கூடையை இறக்கி வைப்பார். முழு உடம்பும் நோகும். பேர் மட்டும் பாதி.

இதே மக்களின் பேர் 1948, 1949 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் குடியுரிமையிலிருந்தும் வாக்காளர் இடாப்பிலிருந்தும் நீங்கியது. என் தாத்தாவுக்குச் செக்றோலில் நாள்தோறும் பேர் விழுந்தது. நாட்டின் இடாப்பில் அரைப்பேர்கூட இல்லை. இந்தியாவுக்குப் போனவர் போக, இங்கே மிஞ்சியிருந்தோரின் கணக்கைத் தீர்க்க 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

அம்மா ஓய்வு பெற்றபின் சேமலாப நிதிக்காக ஓர் அலுவலகத்துக்கு அவரை அழைத்துப் போனேன். பிறப்புப் பதிவில் மீனாட்சி. செக்றோலில் மீனாச்சி. அடையாள அட்டையில் மீனாக்சி. மூன்றையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு அந்த உத்தியோகத்தர் நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த மூன்று பேரில் நீங்கள் யார் அம்மா?"

அம்மா தயங்கவில்லை.

"மூணு பேரும் நான்தாங்க ஐயா. ஆனா, சம்பளம் ஒரு பேருக்குத்தான் குடுத்தாங்க."