கையெழுத்துக்குக் கட்டுப்படாத உரிமை

திரைப்பாடல் யாருடைய சொத்து? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இதற்கு இரண்டு விடைகள் தந்தது. எழுதியவரும் மெட்டமைத்தவருமே படைப்பாளிகள் என்றது. பணம் கொடுத்து எழுதவைத்த தயாரிப்பாளர் முதல் உரிமையாளராகவும் வழிவிட்டது. 1969இல் தோன்றிய, பாடலாசிரியர், இசையமைப்பாளர்களின் உரிமைச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ். பாடல்களுக்குக் கட்டண விகிதம் அறிவித்ததும் படத்துறையினர் எதிர்த்தனர். 1977இல் உச்ச நீதிமன்றம் தயாரிப்பாளர் பக்கம் நின்றது. தீர்ப்போடு உடன்பட்ட நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பாடுகிறவருக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லையே என்று ஓர் அடிக்குறிப்பில் தனியே சுட்டிக்காட்டினார்.

மொத்தத் தொகையை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர் பிறகு பங்கு கேட்பது நியாயமா என்பார்கள். படம் ஓடாவிட்டால் நட்டம் தயாரிப்பாளருக்குத்தானே என்றும் கேட்பார்கள். இரண்டும் புறந்தள்ளக்கூடிய வாதங்கள் அல்ல. ஆனால் ஒப்பந்தத்தில் இரு தரப்பும் சம பலத்தோடு உட்கார்ந்தால்தான் கையெழுத்துக்கு முழு மதிப்பு. வாய்ப்புக்குக் காத்திருக்கும் கவிஞர், இன்னும் பிறக்காத ஊடகங்களுக்கும் சேர்த்து உரிமையை எழுதிக்கொடுத்துவிடுகிறார். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் தொட்டது இந்த இடத்தைத்தான். திரையரங்கில் படத்தோடு ஒலிப்பதற்கு அது பங்கு கேட்கவில்லை. அதற்கு வெளியே வரும் ராயல்டியில் சம பங்கை மட்டும் படைப்பாளி விட்டுக்கொடுக்க முடியாததாக்கியது. தயாரிப்பாளரின் துணிவுக்கும் மரியாதை, கவிஞரின் பேனாவுக்கும் கூலி.