பனிக்குடத்து நீர்



நேற்று மருமகளுக்கு ஸ்கேன். "பனிக்குட நீர் போதுமான அளவு இருக்கு" என்றார் டாக்டர். மில்லர்புரத்தில் என் அம்மா காலத்தில், குடம் உடைந்த பிறகுதான் அந்த நீரைப் பற்றிப் பேச்சே வரும்.

குழந்தை அதில் மிதக்கிறது. அதை விழுங்கிச் சிறுநீராகக் கழிக்கிறது. நுரையீரல் வளரவும் அதுவே துணை. எட்டாம் மாதவாக்கில் சுமார் 800 மில்லி இருக்கும்.

1970களில் பரம்பரை நோய்களைக் கண்டறிய டெல்லி எய்ம்ஸில் இந்த நீரை எடுத்துச் சோதித்தார்கள். அதே சோதனை, பெண் சிசுவைக் கருவிலேயே அழிக்கும் வழியாகிப்போனது. 1988இல் மகாராஷ்டிரமும் 1994இல் நாடாளுமன்றமும் தடைச்சட்டம் இயற்றின.

மாசமாக இருக்கும் என் பிள்ளைகளே, ஸ்கேனில் "தண்ணி போதுமா?" என்று கேளுங்கள். "என்ன குழந்தை?" என்று மட்டும் கேட்காதீர்கள்.