தனியாக எல்க் வேட்டைக்குப் போகிறவருக்கு: விதிகளும் உரையும்

அமெரிக்காவில் எல்க் மான்கள் மிக அதிகமாக வாழும் மாநிலம் கொலராடோ. ஏறக்குறைய 2.8 லட்சம் எல்க்குகள் அங்கே இருக்கின்றன. நம் மிளாவுக்கு உறவுதான். ஆனால் முதிர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுப்பாடில்லாமல் சுட்டுத் தள்ளியதில் இந்த இனம் அங்கே அருகிப்போய், வயோமிங்கிலிருந்து கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை என்றாலே குற்றம் என்று அறிந்து வளர்ந்த நமக்கு ஒரு செய்தி எளிதில் பிடிபடாது. அந்த மந்தைகள் மீண்டு பெருகியதில் வேட்டை உரிமக் கட்டணத்துக்கும், 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீது வசூலாகும் வரிக்கும் பெரும்பங்கு உண்டு.

அங்கே தேசியக் காடுகள் மக்களின் சொத்து. உரிமம் பெற்றவர் வழிகாட்டியோ குதிரையோ இல்லாமல், முதுகுப்பையோடு தனியே மலையேறலாம். அவர் கட்டாயம் படித்திருக்க வேண்டியது மாநில அரசு வெளியிடும் விதிப் புத்தகம். அதிலுள்ள சில விதிகளின் கருத்தை என் சொற்களில் தந்து உரை எழுதுகிறேன். அவை எல்லா வேட்டைக்காரர்களுக்கும் பொதுவாக எழுதப்பட்டவை. துணையும் சாட்சியும் இல்லாதவர் அவற்றை இன்னும் இறுக்கமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

சூரியன் உதிக்க அரை மணி நேரம் இருக்கும்போது தொடங்கலாம். மறைந்து அரை மணி நேரத்துக்குள் நிறுத்திவிட வேண்டும்.

சுடுவதற்குப் போதிய வெளிச்சம் வேண்டும் என்பது நேர்ப்பொருள். ஆனால் நேரத்தைக் காற்றும் தீர்மானிக்கிறது. விடியற்காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி இறங்கும். வெயில் ஏறியதும் மேல்நோக்கித் திரும்பும். மாலையில் மறுபடி இறங்கும். எல்க்கின் மோப்பத்துக்குத் தப்ப நினைப்பவர் விடியலில் மந்தைக்குக் கீழேயும், வெயில் ஏறியபின் மேலேயும் இருக்க வேண்டும். அதனால் விதி குறிக்கும் நேரத்துக்கு வெகுமுன்பே, இருட்டிலேயே நடை தொடங்கிவிடுகிறது.

மாலை எல்லையைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்லத் தோன்றுகிறது. கடைசி வெளிச்சத்தில் சுடுவது சட்டப்படி சரி. ஆனால் விழுந்த விலங்கைத் தேடுவதும், தோலுரித்து அறுப்பதும் அதன்பின் நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், கரடிகள் நடமாடும் காட்டில், ஒற்றை ஆளாகச் செய்ய வேண்டிய வேலை. கூர்க்கத்தி வழுக்கித் தொடையில் இறங்கினால் கட்டுப்போட ஆளில்லை. தனியாக வந்தவரின் நாள், சட்டம் தரும் நாளைவிட ஓரிரு மணி நேரம் குறைவானது என்றே கொள்க.

துப்பாக்கி வேட்டையில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலத்துக்குக் குறையாமல் ஒளிர் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு உடை வேண்டும். தலையிலும் அந்த நிறம் வேண்டும்.

மற்ற வேட்டைக்காரர்களின் தோட்டாவிலிருந்து காப்பதற்கு. மான் இனத்தின் கண்ணுக்கு ஆரஞ்சு நிறம் பளிச்சென்று படாது. தனியாளுக்கு இன்னொரு பயனும் உண்டு: கால் முறிந்து கிடந்தால் தேடி வருபவர் கண்ணில் முதலில் படுவது இதுதான்.

தனியார் நிலத்தில் அனுமதியின்றி வேட்டையாடாதே. வேலியோ அறிவிப்புப் பலகையோ இல்லாவிட்டாலும்.

எல்லையைத் தெரிந்துகொள்வது வேட்டைக்காரரின் பொறுப்பு. இப்போது கைப்பேசி வரைபடமே எல்லையைக் காட்டிவிடுகிறது.

பெரும்பாலான பகுதிகளில், ஆண் எல்க்கின் ஒரு கொம்பிலாவது நான்கு முனைகள் இருக்க வேண்டும். அல்லது நெற்றிக் கிளை ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும்.

கிளைக்காத ஒற்றைக் கொம்போடு திரியும் இளம் ஆண்கள் பிழைத்து வளர இந்த விதி. செப்டம்பரில், இணைசேரும் பருவத்தில், ஆண் எல்க் சீழ்க்கை போல நீளக் குரலெழுப்பும். அதைக் கேட்டு வேகமெடுத்த மனம், மரங்களுக்கிடையே தெரியும் அரைக் கொம்பை முழுக் கொம்பாக எண்ணிவிடும். பக்கத்தில் ஒருவர் இருந்தால் "பொறு" என்பார். இல்லாதபோது தொலைநோக்கியில் பார்த்து முனைகளை எண்ணி, மறுபடி எண்ண வேண்டும். துப்பாக்கியின் மேலிருக்கும் குறிநோக்கியை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது பார்க்கும் இடத்தையெல்லாம் குழலும் பார்க்கிறது.

விலங்கு விழுந்ததும் உரிமத்தோடு வந்த சீட்டைப் பிரித்து, கையெழுத்தும் தேதியும் இடு. காயப்பட்டு ஓடினால் தேடிப் பிடிக்க முயற்சி செய்.

ஒரு சீட்டுக்கு ஒரு விலங்கு. கையெழுத்திட்டபின் அந்தச் சீட்டு இன்னொரு விலங்குக்குச் செல்லாது. ரத்தத் தடம் பாறையில் மறைந்து, நாள் முழுக்கத் தேடியும் கிடைக்காவிட்டால்? சீட்டு இன்னும் கையில் இருக்கிறது. வேட்டையைத் தொடரலாம் என்று சட்டம் இடம் தரும். நான் தரமாட்டேன். ரத்தம் சிந்திய எல்க் எங்கோ செத்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சீட்டு அதனுடையது. யாருக்கும் தெரியாது என்பதாலேயே தனியாளுக்கு இது கட்டாயம்.

உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்காதே. நான்கு கால் பகுதிகள், முதுகுச் சதை, உள்முதுகுச் சதை ஆகியவற்றையாவது வெளியே கொண்டுவா.

புத்தகத்தின் உயிர்நாடி இந்த விதி. பெரிய ஆணின் ஒரு பின்காலே, எலும்போடு, 25 கிலோ அரிசி மூட்டையைவிடக் கனக்கும். எலும்பை நீக்கினாலும் மொத்த இறைச்சி 90 கிலோ அளவுக்கு வரும். நடைக்கு 25 கிலோ வீதம் நான்கு சுமை. வண்டி நிற்கும் இடம் ஐந்து கிலோமீட்டர் என்றால், நான்கு முறை இறங்கி மூன்று முறை ஏற வேண்டும்: 35 கிலோமீட்டர், 3,000 மீட்டர் உயரத்தின் மெல்லிய காற்றில். பிளாட் டாப்ஸ் போன்ற வனப்பகுதிகளில், 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி மோட்டார் வண்டிக்கும் இடமில்லை, சைக்கிளுக்கும் இடமில்லை. முதுகுதான் வண்டி.

இதற்கிடையே இறைச்சி காத்திருக்காது. தடித்த தோலும் பருத்த உடலும் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தொடை எலும்பை ஒட்டிய சதை உள்ளிருந்தே கெடத் தொடங்கும். ஆகவே, பலர் வயிற்றைத் திறப்பதே இல்லை. ஒருபக்கத் தோலை உரித்து முன்கால், பின்கால், முதுகுச் சதையை எடுக்கிறார்கள்; உடலைப் புரட்டி மறுபக்கமும் அப்படியே; கடைசி விலா எலும்புக்குப் பின்னால் கைவிட்டு உள்முதுகுச் சதையை அறுத்தெடுக்கிறார்கள். 300 கிலோ உடலைத் தனியாகப் புரட்ட முடியாது என்பதால் ஒருபக்கக் கால்களைக் கழற்றிய பிறகே புரட்டுவது. காற்றுப் புகும் துணிப்பைகளில் இட்டு நிழலில் தொங்கவிட்டால் அடுத்த நடைக்கு நேரம் கிடைக்கும்.

ஆக, "கொண்டுவா" என்ற கட்டளை, சுடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய கணக்கு. எட்டு கிலோமீட்டர் உள்ளே, வெயில் ஏறிய செப்டம்பர் காலையில், எதிரே நிற்பது எவ்வளவு அழகான ஆணாக இருந்தாலும், எல்லாச் சதையும் கெடாமல் இறங்காது என்று தெரிந்தால் விரலை எடுத்துவிட வேண்டும். இறைச்சியை விட்டுக் கொம்பை மட்டும் எடுத்துப் போவதைக் கொலராடோ கடுங்குற்றமாகவே தண்டிக்கிறது.

அலாஸ்காவில் ஒரு படி மேலே போகிறார்கள்: இறைச்சி முழுதும் காட்டைவிட்டு இறங்கும்வரை கொம்பை நகர்த்தக் கூடாது, கடைசிச் சுமையோடு வரலாம். அந்த ஒரு வரியைக் கொலராடோவும் தன் புத்தகத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.